இருநூற்றுப் பன்னிரண்டு கொசுக்கள்

பானை துலக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கரி போவதோடு நிற்காது. பானையும் போகத் தொடங்கும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று துலக்குகிறவளுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. துலக்கி முடித்தபின் சொல்வதற்கு மட்டும் ஊரே கூடிவிடும்.

ரோனா கார்கில் மூன்று ஆண்டுகளாகத் துலக்கியது படங்களை. அவை புத்தகமாகி வீடு வந்து சேர்ந்த வியாழக்கிழமை காலையில், டே ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து கிளம்பிய கடற்பனி அவள் குடியிருக்கும் லாக்கீ மேட்டுப்பகுதி வரை ஏறிவந்து எதிர்வரிசைக் கூரைகளை விழுங்கியிருந்தது. மே மாதம் பிறந்து இரண்டு வாரமாகியும் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. அடுப்பில் பன்றி எலும்பு போட்ட பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மாடிப்படியில் அவள் கணவன் ஸ்டூவர்ட் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கும் ஓசையும், அதற்குமேல் கீழ்வீட்டு செங்காவின் குரலும் கேட்டன.

"என்னடா ஸ்டூவர்ட், பொணத்தை மேல தூக்கிட்டுப் போற? எல்லாரும் கீழதானே கொண்டு போவாங்க?"

"புத்தகம், செங்கா. அப்பாவோட புத்தகம் வந்துருச்சு."

"முள்ளெலியா! சின்னப்புள்ளைல அதைப் படிச்சுச் சிரிச்சு எங்கம்மாகிட்ட அடி வாங்கியிருக்கேன். எனக்கு ஒண்ணு எடுத்து வையி."

"எல்லாத்துக்கும் மூணு மாசம் முன்னாடியே ஆள் எழுதி வச்சாச்சு. வீட்டுக்கு வந்தது பன்னிரண்டுதான்."

"அப்ப பெட்டியவாவது குடு. பூனை படுத்துக்கட்டும். எனக்கும் உன் புத்தகத்துல பங்கு கெடைச்ச மாதிரி இருக்கும்."

சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கில்பர்ட் கார்கில் இதைக் கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார். ஸ்டூவர்ட்டின் தந்தை அவர், வயது தொண்ணூற்றொன்று. கண்ணின் நடுப்பகுதி ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அணைந்துவிட்டது. நேராகப் பார்த்தால் இருள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அதனால் யாரோடு பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோபித்தவரைப்போலத்தான் பேசுவார்.

முப்பத்தொரு வருடம் அவர் ஒரு பத்திரிகைக் கம்பெனிக்கு வாரம் ஒரு பக்கம் படக்கதை வரைந்தார். காட்டுக்குள் தபால் கொண்டுபோகும் முள்ளெலியின் கதை அது. முதுகுப் பையில் வைக்கும் கடிதங்களையெல்லாம் முட்கள் குத்திவிடும்; எந்தக் கடிதமும் ஓட்டையில்லாமல் போய்ச் சேராது. முயல் திட்டும், நரி வழக்குப் போடும், ஆந்தை தீர்ப்புச் சொல்லும். ஸ்காட்லாந்தில் அதைப் படிக்காமல் வளர்ந்த குழந்தை அன்று குறைவு. வரைந்தவர் யார் என்று அறிந்த குழந்தையோ ஒன்றுகூட இல்லை.

அது அந்தக் கம்பெனியின் வழக்கம். படத்தில் எவரும் பெயர் போடக்கூடாது. பெயர் வந்தால் ஆள் பெரியவனாகிவிடுவான். பெரியவனானால் வேறு பத்திரிகைக்குப் போய்விடுவான். வெள்ளிக்கிழமைதோறும் கில்பர்ட் படம் வரைந்த அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, பேருந்தில் மடிமேல் வைத்துக் கொண்டுபோய் ஆசிரியர் மேதர்ஸின் மேசையில் வைப்பார். மேதர்ஸ் ஒரு கையில் மெல்லிய தூரிகையும் மறு கையில் வெள்ளை மைக் குப்பியுமாகக் காத்திருப்பார். மூலையில் அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்து 'ஜி' தென்பட்டாலும் அதன்மேல் வெள்ளை ஏறிவிடும். மேதர்ஸ் இறந்து முப்பது வருடமாகிறது. ஆனால் கம்பெனியின் பதிவு அட்டையில் அந்தப் படக்கதைக்கு நேராக "மேதர்ஸும் உதவியாளர்களும்" என்றே எழுதியிருந்தது. புத்தகம் போட அனுமதி தந்தபோதும் அதையே நிபந்தனையாக வைத்தார்கள். பதிவு அட்டையில் உள்ளதுதான் தலைப்புப் பக்கத்திலும் வரவேண்டும். வேறொரு பெயர் வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும்.

ஸ்டூவர்ட் கொதித்துப்போனான். அவன் அதே கம்பெனியின் அச்சுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் எந்திரம் பார்த்தவன். கிடங்கைக் காலி செய்து பழைய அட்டைகளைக் குப்பைத்தொட்டியில் கொட்டிய அன்று, மழையில் நனைந்துகொண்டே தந்தையின் படங்களைப் பொறுக்கிவந்தவன். ஆயிரத்து அறுநூறில் அவன் கைக்கு அகப்பட்டவை இருநூற்றுப் பன்னிரண்டு.

"இவங்க நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடுறதுக்குப் பதிலா, அட்டையெல்லாம் ஆத்துல விட்டுரலாம்ப்பா," என்றான்.

கில்பர்ட்தான் அடக்கினார். "போடுடா கையெழுத்தை. புத்தகம் வரட்டும்."

"உங்க பேரு இல்லாமலா?"

"என் கையெழுத்து உள்ளேயே இருக்கு."

அந்த வாக்கியம் ஸ்டூவர்ட்டை உருக்கிவிட்டது. கோடுதான் கலைஞனின் கையெழுத்து என்று கிழவர் சொல்வதாக எடுத்துக்கொண்டான். முன்னுரையில் அதைத் தனி வரியாக, சாய்ந்த எழுத்தில் அச்சிட்டான்.

மூலப் படங்களை என்ன செய்வது என்பதற்கும் வழி சொன்னவர் கில்பர்ட்தான். சிறப்புப் பதிப்பு என்றால் இருநூற்றுப் பன்னிரண்டே பிரதிகள். ஒவ்வொன்றின் பின்னட்டை உறையிலும் ஒரு மூலப்படம். சேகரிப்பாளர்கள் அப்படிப்பட்டதற்கு ஏங்கிக் கிடக்கிறவர்கள். "நான் பாக்கவா போறேன்? கட்டிலுக்கடியில கெடந்தா எலி பாக்கும். நாலு ஊர் போகட்டும்," என்றார். புத்தகம் கட்டுகிறவர் உறையில் படத்தை வைத்து, எண் போட்டு, பெல்ஜியத்துக்கும் பிரைட்டனுக்கும் கனடாவுக்கும் நேராகத் தபாலில் அனுப்பிவிட்டார். வீட்டுக்கென்று தனியாகக் கட்டி வந்த பன்னிரண்டில் மூலப்படம் கிடையாது.

ஸ்டூவர்ட் பெட்டியைப் பிரித்தான். ரோனா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பிரதியை எடுத்து மாமனாரின் மடியில் வைத்தாள். அவர் முதலில் முகர்ந்தார். பிறகு முதுகுத் துணியை விரலால் தடவினார். நடுவில் திறந்து உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் பரப்பி வைத்துக்கொண்டு, நாடி பார்க்கிறவரைப்போலச் சற்று நேரம் இருந்தார்.

"நல்ல காகிதம்."

"மை எப்படி உக்காந்திருக்கு தெரியுமாப்பா? கறுப்புன்னா கறுப்பு. நீங்க வரைஞ்ச அன்னிக்குக்கூட இவ்வளவு சுத்தமா இருந்திருக்காது. எல்லாம் ரோனா கை," என்றான் ஸ்டூவர்ட்.

அதில் மிகையில்லை. ரோனா பல் ஆய்வகம் ஒன்றில் பொய்ப்பல்லுக்கு மெருகிட்டவள். துகள் ஒன்று நின்றுவிட்டால் யாரோ ஒரு கிழவியின் வாய் புண்ணாகும் என்று முப்பது வருடம் பழகிய கண் அவளுடையது. அட்டைகளின்மேல் தேநீர் வளையம், பசைக்கறை, பூஞ்சைப் புள்ளி, மழைத்தடம் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்து, கணினியில் கையகலத் துண்டுகளாகப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக எடுத்தாள். ஒரு பக்கத்துக்கு நான்கு நாளாகும். மாலையில், சுத்தம் செய்ததைப் பழையதன் மேலேயே சேமித்துவிட்டு எழுந்துகொள்வாள். அழுக்கை யார் எடுத்து வைப்பார்கள்?

கில்பர்ட் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவர் குரலில் ஒரு குறும்பு ஏறியிருந்தது. "தாயி, பூதக்கண்ணாடிய எடு. நாப்பத்தொண்ணாம் பக்கம். முள்ளெலி குட்டையில விழுந்த கதை."

"இதோ மாமா. வாத்து சிரிக்குது."

"வாத்தை விடு. கடைசிக் கட்டத்துல ஒரு வாளி இருக்கா? வாளியோட கைப்பிடிக்குக் கீழ, இடப்பக்கம், பாரு."

அவள் பார்த்தாள். வாளியின் வளைவுக்குக் கீழே வெண்மை பரவியிருந்தது. "என்ன இருக்கணும் மாமா?"

"நீ பாத்துச் சொல்லு."

"வாளிதான் இருக்கு."

"நல்லாப் பாரு. கசகசா அளவுதான். சரி, அது கஷ்டம். அறுபத்தேழுக்குப் போ. ஆந்தை உக்காந்திருக்கிற கிளை. மூணாவது இலைக்குக் கீழ."

அங்கும் வெண்மைதான்.

ஸ்டூவர்ட் பெட்டிக் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டான். "என்னப்பா, புதையலா?"

கிழவர் நாற்காலியில் சாய்ந்தார். அறுபது வருடம் வாய்க்குள் அதக்கிவைத்த மிட்டாயை இப்போதுதான் கடிக்கப்போகிறவர்போல ஒரு சிரிப்பு. "கொசுடா. கடிகொசு. ஒரு புள்ளி, மேல மயிரிழையா ரெண்டு றெக்கை. ஒவ்வொரு பக்கத்துலயும் ஒண்ணு. மேதர்ஸ் பேரை அழிச்சாரு இல்ல? கொசுவை அழிக்கத் தெரியல. அட்டையை மூஞ்சிகிட்ட வச்சு 'உஃப்'னு ஊதுவாரு. பறக்கலேன்னா, காஞ்சு போச்சுன்னு விட்டுருவாரு. அச்சுல அது மைத்துளி மாதிரி மங்கிடும், யாருக்கும் தெரியாது. உங்கம்மாவுக்கு மட்டும்தான் சொன்னேன். வேற யார்கிட்டயும் மூச்சு விடல."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா யாராவது அழிச்சுருவாங்களோன்னு பயம்டா."

ரோனாவின் கையில் பூதக்கண்ணாடி அப்படியே நின்றது.

அவர் மேலும் சொல்லிக்கொண்டே போனார். சனிக்கிழமை லாக்கீ நூலகத்தில் வெளியீட்டு விழா. கம்பெனியிலிருந்து லிண்ட்சே என்றொருவர் வருகிறார். ஒவ்வொரு பக்கமாகத் திரையில் பெரிதாகப் போடவேண்டும். கில்பர்ட் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். "கண்ணு தெரியாதவன் இடத்தைச் சொல்லுவான், கண்ணு தெரிஞ்சவங்க தேடிக்கட்டும். இருநூத்திப் பன்னிரண்டு எடமும் எனக்கு மனப்பாடம். மேதர்ஸ் எழுந்து வந்து சொல்லட்டும் பாப்போம், எங்க இருக்குன்னு! அப்புறம் கம்பெனிப் பதிவுக் கார்டு என்ன பேசும்?"

மூன்று வருடத்துக்கு முந்திய ஆகஸ்ட் மாதம் ரோனாவின் நினைவில் எழுந்தது. விடுமுறைக்கு மேற்குக் கரையில், ஓபன் என்ற ஊருக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில், கேரவன் வண்டி எடுத்துத் தங்கியிருந்தார்கள். மழை விடவில்லை. சும்மா இருப்பானேன் என்று ஸ்கேனரையும் அட்டைக்கட்டையும் கூடவே கொண்டுபோயிருந்தாள். கிழக்குக் கரைக்காரர்களுக்கு மேற்கின் கடிகொசு சாவுக்குச் சமம். ஜன்னலைத் திறந்தால் புகையைப்போல நுழையும். முதல் நாளே ஸ்கேனர் கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவில் இரண்டு கொசு நசுங்கின. கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு கணினியில் பெரிதாக்கியபோது பக்கத்துக்குப் பக்கம் நசுங்கிய கொசு. கட்டு முழுவதும் கேரவனில் திறந்து கிடந்ததுதானே, ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்தாள். "உங்கப்பா படத்துல ரத்தம் இருக்கும்போல, ஒரு பக்கம் விடல," என்று ஸ்டூவர்ட்டிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவனும் சிரித்தான். நாள்தோறும் வேலை தொடங்கும்போது முதலில் கொசுவைத் தேடி எடுத்துவிடுவாள். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைகிறவன் செருப்பைக் கழற்றுவதைப்போல.

"இருக்கா தாயி?"

"இருக்கு மாமா." சொன்னது அவள் வாய்தான். "இப்பத் தெரியுது. எவ்வளவு சின்னதா!"

கிழவர் முகம் மலர்ந்தது. "நூத்திநாப்பதைப் பாரு. கோழிக்குஞ்சு தபால்பெட்டிக்குள்ள தூங்குற படம். பூட்டுக்குப் பக்கத்துல இருக்கும். றெக்கையச் சொல்லு."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். பூட்டு துலக்கமாக இருந்தது. "ரெண்டு றெக்கையும் அழகா இருக்கு மாமா."

சூப்பின் மூடி ஆடிக்கொண்டிருந்தது. கிழவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்படியென்றால் அவளை ஓரக்கண்ணில் பிடிக்கப் பார்க்கிறார் என்று பொருள்.

"அதுல ஒரு றெக்கைதான் தாயி," என்றார் மெதுவாக. "உன் மாமியா நெட்டா செத்துப்போன வாரம் வரைஞ்சது. ரெண்டாவதைப் போட கை வரல."

ரோனா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கேரவன், கண்ணாடி, நசுங்கிய இரண்டு கொசு, பழையதன்மேல் சேமித்தது. ஒன்றையும் விடவில்லை. ஸ்டூவர்ட் மடித்துக்கொண்டிருந்த காகிதம் பாதி மடிப்பில் நின்றது.

"எத்தனை எடுத்த?" என்று கேட்டார் கில்பர்ட்.

"எல்லாம்."

"ஒண்ணுகூடத் தப்பலையா?"

"தப்ப விடமாட்டேன் மாமா. ரெண்டு தடவை பாப்பேன்."

கிழவர் தலையை ஆட்டினார். அது பாராட்டா, வேறா என்று யாராலும் சொல்ல முடியாது. "சூப் அடிப்பிடிக்குது பாரு," என்றார்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு கதை உண்டு. முள்ளெலியின் கடிதங்கள் ஓட்டையாக வருவதைப் பார்த்து நல்ல மனமுள்ள வாத்து ஒன்று இரக்கப்படுகிறது. ஒவ்வோர் ஓட்டையையும் மாவுப்பசை வைத்து அடைத்து, நீவி, புதுக் கடிதம்போல ஆக்கிக் கொடுக்கிறது. காடே வாழ்த்துகிறது. மண்ணுக்கடியில் வாழும் அகழெலி மட்டும் அழுகிறது. அதற்குக் கண் கிடையாது. அதுவரை ஓட்டைகளைத் தடவித்தான் கடிதம் படித்துவந்தது. பசை காய்ந்த காகிதத்தைத் தடவித் தடவி, "யாரும் எனக்கு ஒன்றும் எழுதவில்லை" என்கிறது. அந்தப் பக்கத்தைத் துலக்க ரோனாவுக்கு ஆறு நாள் ஆயிற்று. அகழெலியின் கண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த கொசுவை முதல் நாளிலேயே எடுத்துவிட்டிருந்தாள்.

பிற்பகலில், கொல்லைப்புறத்துக் கொடியில் துணி எடுக்க இறங்கியவளைத் தொடர்ந்து ஸ்டூவர்ட்டும் வந்தான். பனியில் துணி காயவில்லை. முன்னைவிட ஈரமாக இருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ரோனா. 'மாமா, இது என்ன'ன்னு ஒரு வார்த்தை."

"கொசுவைப் பாத்து 'இது என்ன'ன்னு யாராவது கேப்பாங்களா? நீயும்தானே சிரிச்ச?"

"நான் சிரிச்சேன். நீ அழிச்ச."

"ஆமா, நான்தான் அழிச்சேன். சொல்லு, இன்னும் நல்லாச் சொல்லு. ஊரைக் கூட்டிச் சொல்லு. மேதர்ஸால முப்பது வருஷம் முடியாததை நான் மூணு வருஷத்துல முடிச்சுட்டேன்னு சொல்லு."

அவன் போர்வையின் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக அதை முறுக்கினார்கள். சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியது. "அட்டையில இருக்குமில்ல?" என்றான் கடைசியில். "நீ எடுத்தது கம்ப்யூட்டர்லதானே? அட்டையில அப்படியே இருக்கும். வாங்கினவங்க எல்லாருக்கும் எழுதுவோம். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுவோம்."

விழா நடந்தது. நூலகத்தில் முப்பது நாற்காலி. வந்தவர் பதினெட்டுப் பேர். ரோனா இறைச்சியும் வெங்காயமும் பொதிந்த பிரைடிப் பண்டம் சுட்டு எடுத்துப்போயிருந்தாள். லிண்ட்சே நல்ல மனிதர். குரலில் மரியாதை இருந்தது. "ஒருத்தர் தனியா செஞ்சதில்ல, பல பேரோட கூட்டு உழைப்பு" என்று பேசினார். முதல் வரிசையில் கில்பர்ட் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார். செங்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "உழைச்சவரு இங்கதான்யா உக்காந்திருக்காரு! கூட்டத்தைக் காணோமே, எங்க?" என்று பின்வரிசையிலிருந்து கத்தினாள். சிலர் சிரித்தார்கள். ரோனா எழுந்து, "எல்லாப் பக்கமும் எங்க மாமா வரைஞ்சது" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முடிந்தபின் ஸ்டூவர்ட் கொசுவைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, லிண்ட்சே அவனைத் தனியே அழைத்துப் பேசினார். "உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. ஆதாரம் கொண்டு வாங்க. நூறு பக்கத்துல அந்தக் குறி இருந்தாப் போதும், நானே நின்னு கார்டைத் திருத்துறேன்." சொன்னதைச் செய்யக்கூடியவராகத்தான் தெரிந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்களை ரோனாவே எழுதினாள். ஒவ்வொன்றிலும், அவரவருக்குப் போன படத்தில் கொசு எந்த இடத்தில் இருக்கும் என்பதை மாமனார் சொல்லச் சொல்லக் குறித்தாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்துக்கிடையில். பாலாடைக்கட்டியின் ஓட்டைக்குள். நரியின் மீசைக்கு அப்பால் அரை விரல். கிழவர் எங்கும் தயங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தன் வீட்டு அறைகளில் நடப்பவரைப்போலச் சொன்னார். அந்த இரண்டு வாரம் வீட்டில் ஏதோ ஒரு விளைச்சல் எதிர்பார்க்கும் களை இருந்தது. காலைத் தபால் வரும் நேரம் செங்காகூடக் கீழ்வாசலில் நின்றாள். "கொசு வந்துச்சா?" என்பதே அந்தப் படிக்கட்டின் வணக்கமாயிற்று.

முதல் பதில் பிரைட்டனிலிருந்து வந்தது. நேர்த்தியான எழுத்து. ரோனா அதை உரக்கப் படிக்கத் தொடங்கினாள். பாதியில் அவள் வேகம் குறைந்தது. 'தாங்கள் குறிப்பிடும் இடத்தில் ஒரு பூச்சியின் எச்சம் இருந்தது உண்மை. இவ்வளவு அழகிய பதிப்பை வெளியிட்டவர்கள் மூலப்படத்தை அப்படியே அனுப்பியது எனக்கு வியப்பளித்தது. கவலை வேண்டாம். அறுவைக் கத்தியின் நுனியாலும் ரப்பராலும் நானே அதை அகற்றிவிட்டேன். புத்தகத்தில் உள்ள சுத்தமான பக்கத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இப்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன.'

"நிறுத்தாத, படி," என்றார் கில்பர்ட்.

"அவ்வளவுதான் மாமா. நன்றி சொல்லியிருக்காரு."

சேகரிப்பவர்கள் கறை பொறுக்காதவர்கள். அதற்கு மேல் அவர்கள் கையில் ரோனாவின் புத்தகம் இருந்தது. படம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோலாகிவிட்டது. ஜூனிலும் ஜூலையிலும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் பிரைட்டனின் உடன்பிறப்புகள். ஒருவர் அருங்காட்சியகத்தில் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து எடுத்திருந்தார். ஒருவர் சட்டம் போட்டு ஒட்டிவிட்டதால் பிரிக்க முடியாது என்றார். ஒருவர் கைமாற்றி விற்றுவிட்டிருந்தார். ஒருவர் கறைபட்ட படத்துக்குப் பதில் வேறு படம் கேட்டார். பெரும்பாலோர் எழுதவே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்டூவர்ட், சிலர் அனுப்பியிருந்த புகைப்படங்களை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனான். ஆறு கொசு. லிண்ட்சே கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்தாராம். வெளியே வந்தவன் பேருந்தில் ஏறாமல், மழைத்தூற்றலில் லாக்கீ வரை நடந்தே வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"கொசு எங்க வேணும்னாலும் ஒட்டும்னு சொன்னாருப்பா. மரியாதையாத்தான் சொன்னாரு."

கில்பர்ட் யோசித்தார். "அவரு சொல்றது நியாயம்தான். ஆறு கொசுன்னா அது கொசு. இருநூத்திப் பன்னிரண்டு இருந்தாத்தான்டா அது பேரு."

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. நடை குறைந்தது. ஜன்னலோர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து நாற்காலிக்குமாக அவர் உலகம் சுருங்கிற்று. சூப்பில் பாதியை வைத்துவிடுவார். யார்மீதும் கோபமில்லை. கோபித்திருந்தால் ரோனாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அக்டோபரில் ஒருநாள், ஸ்டூவர்ட் வெளியே போயிருந்த பிற்பகலில், அவள் வீட்டுப் பிரதிகளில் ஒன்றையும் மிக மெல்லிய பேனா ஒன்றையும் எடுத்துக்கொண்டு மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, எடத்தைச் சொல்லுங்க. நான் போடுறேன். இந்த ஒரு புத்தகத்துலயாவது இருக்கட்டும்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். வேலிக் கட்டையின் முடிச்சுக்கு மேலே. நத்தையின் கொம்புக்கு நேராக. பொய்ப்பல் மெருகிட்ட கை நடுங்காமல் போட்டது. ஒரு புள்ளி, இரண்டு மயிரிழை. நாளுக்கு ஐந்தாறு பக்கம். எண்பத்தெட்டில் அகழெலியின் கண்ணீருக்குப் பக்கத்தில் போட்டபோது அவளே சற்று நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டாள். நவம்பர் நடுவில், மூன்று மணிக்கே விளக்குப் போடவேண்டிய ஒரு மாலையில், நூற்று நாற்பதாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தபால்பெட்டிக்குள் கோழிக்குஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது.

"பூட்டுக்குப் பக்கத்துலதானே மாமா? ஒரு றெக்கை."

தூங்கிவிட்டாரோ என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தை அவள் பக்கமிருந்து திருப்பி வைத்திருந்தார், அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை விட்டுரு தாயி."

"ஏன் மாமா? நீங்க போட்ட மாதிரியே போடுறேன். வித்தியாசம் தெரியாது."

"தெரியாதுதான்." அவர் கையை நீட்டிப் பக்கத்தைத் தடவினார். பூட்டு இருந்த இடத்தை விரல் சரியாகவே கண்டுபிடித்தது. "ஆனா நீ போட்டா அது உன் கையெழுத்து."

ரோனா பேனாவை மூடினாள். நீராவி படிந்த ஜன்னலுக்கு அப்பால் தெருவிளக்குகள் மங்கலாக எரிந்தன. கீழே செங்கா பூனையைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"அப்ப இதுவரைக்கும் போட்டதை என்ன பண்றது? அழிச்சுரவா?"

கிழவர் முதலில் லேசாகத்தான் சிரித்தார். பிறகு அது வளர்ந்து, நெஞ்சுக்கூடு குலுங்கி, இருமலாக முடிந்தது. "அழிக்கிறதுல உன்னை மிஞ்ச ஆளேது?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே எழுந்து, அவர் முழங்கால்மேல் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சமையலறைக்கு வந்து புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். நூற்று முப்பத்தொன்பது கொசுக்கள், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் இரண்டு றெக்கையோடு. அதைத் திறந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. மேசையில் ஒரு ரொட்டித்துகள் கிடந்தது. பழக்கத்தில் துடைக்கப்போன கை, பாதியில் நின்றது. பிறகு அதையும் துடைத்தது.